அக்கா வீட்டுத் தண்ணீர்

மே 9

அன்புள்ள அக்கா,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கம்தான் காரணம், கோபம் இல்லை. வாண்டு இப்போதுதான் கண் அசந்தாள். அவள் அப்பாவுக்கு இந்த வாரமும் இரவு ஷிப்ட். வீட்டில் விழித்திருப்பது நானும் மின்விசிறியும்தான்.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாமாவுக்கு இருமல் விட்டதா? போனில் கேட்டால் அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று "ம்... ம்..." என்று மட்டும் சொல்கிறாய். அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் நலம். வாண்டுக்கு மட்டும் லேசாகச் சளி.

உன் மனையில் வேலை ஆரம்பித்துவிட்டது! இன்று காலை வாண்டைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். மேட்டுக் குடியிருப்பில் எல்லாச் சாலைகளும் சரிந்து வந்து முடிகிற அந்தக் கீழ்மூலையில், உன் மனை மட்டும் தனியாகத் தெரிகிறது. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் எங்கள் தெரு, எங்கள் மொட்டை மாடி, கொடியில் காயும் வாண்டுவின் சட்டை எல்லாம் தெரிகின்றன. வண்டி நிறுத்தக் கீழ்த்தளம் வேண்டும் என்று மாமா சொன்னாரே, அதற்காக மனை முழுவதையும் ஆள் உயரத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயம். குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மழை பெய்து எத்தனையோ நாளாகிறது.

"பக்கத்துல குழாய் ஏதாச்சும் உடைஞ்சிருக்கா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"குழாயே இன்னும் போடலைம்மா. இது தானா வருது."

"தானா எப்படி வரும்?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனை வாங்கும்போது விற்றவர்கள் அந்த இடத்தைப் பற்றி ஏதாவது சொன்னார்களா அக்கா? முன்பு அங்கே என்ன இருந்தது என்று? சும்மாதான் கேட்கிறேன். நாங்கள் குடிவந்தபோதே அதைச் சுற்றித் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள்.

போன மழையில் வெளியே நின்ற தண்ணீர் ஊறி எங்கள் உள்சுவரில் விழுந்த கறைக்கோடு, பெயிண்ட் அடித்தும் மறுபடி தெரிகிறது. இரண்டு பூச்சு பூசியாயிற்று. காய்ந்தால் போகும், ஒரு வாரத்தில் அதே உயரத்தில் திரும்ப வந்து நிற்கும்.

மாமாவுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சின்னு


மே 27

அன்பு சின்னுவுக்கு,

அக்காவின் ஆசிகள். வாண்டுவின் சளி இறங்கியதா? வெந்நீர் கொடு. தம்பி இரவு ஷிப்ட் முடிந்து வந்து நன்றாகத் தூங்குகிறாரா? பகல் தூக்கம் உடம்பில் ஒட்டாது, சொல்லி வை. மாமாவுக்கு இருமல் பரவாயில்லை. என் முட்டி எப்போதும் போலத்தான், குளிர் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடும்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் தெரியுமா! எங்கள் வீட்டிலிருந்து உன் கொடி தெரிகிறது என்று எழுதியிருக்கிறாயே, அது போதும். சமையலறை ஜன்னலை அந்தப் பக்கமே வைக்கச் சொல். அடுப்பில் நின்றுகொண்டே, "ஏய் சின்னு, துணி நனையுது பாரு" என்று நான் கத்த வேண்டும். இங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் முதுகு. இத்தனை வருடம் அந்த முதுகைப் பார்த்தே ஓட்டிவிட்டேன்.

மாடியில் கிழக்குப் பக்கத்துச் சின்ன அறை வாண்டுக்கு. மாமாவே சொல்லிவிட்டார். நமக்குத்தான் பிள்ளைகுட்டி இல்லை, அவளாவது வந்து குதிக்கட்டும் என்றார். சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று அவளிடம் கேட்டு எழுது.

அஸ்திவாரம் என்றால் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். மேஸ்திரியிடம் மோட்டார் வைத்து இறைக்கச் சொல்.

உன் அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்கா,

நலம்தானே? நாங்கள் நலம். வாண்டுக்கு மஞ்சள் நிறம் வேண்டுமாம். கேட்டு வாய் மூடுவதற்குள் நீலம் என்றாள். பிறகு, "பெரியம்மா வீடு தண்ணிக்குள்ளதானே இருக்கு, அப்ப மீன் கலர்" என்றாள். அவள் பேச்சை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

மேஸ்திரி மோட்டார் வைத்துவிட்டார். விடிவதற்கு முன்பே இறைத்துவிடுகிறார். மனை பார்க்க ஆட்கள் வருகிற நேரத்தில் தண்ணீர் கண்ணில் படக் கூடாது என்று மேட்டுக் காவலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். குழாயைச் சாலை ஓரத்தில் போட்டுவிடுகிறார்கள். இறைத்து முடித்தால் அடுத்த நாள் காலை மறுபடி அதே முழங்கால் அளவு. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. யாரோ அளந்து ஊற்றினாற்போல.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நீ கேட்கவில்லை. எங்கள் தெருவுக்குத்தான் வருகிறது அக்கா. வேறு எங்கே போகும்? காலையில் கதவைத் திறந்தால் வெயில் காலத்தில் தெரு முழுக்க ஈரம். எல்லோரும் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு நர்ஸ், "ராத்திரி யாரு வீட்டுல யாரு அழுதா? இவ்வளவு தண்ணி ஓடுது!" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு டெய்லர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வந்துருச்சு" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அது மோட்டார் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். யாருடைய குழியிலிருந்து வருகிறது என்றும் தெரியும். நான் வாயே திறக்கவில்லை.

டெய்லர் அண்ணனின் மனைவி போன மழையில் தவறிவிட்டதை உனக்கு எழுதியிருந்தேன். எப்படி என்று எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

இந்தத் தெருவின் வழக்கம் உனக்குத் தெரியாது. மேட்டை மண் கொட்டி நிரவிச் சிமெண்ட் சாலை போட்டதிலிருந்து, மழை வந்தால் தண்ணீர் நேராக இங்கேதான் இறங்குகிறது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வீட்டிலும் வாசல்படிக்கு மேல் இன்னொரு வரி செங்கல் வைத்துப் பூசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று வைத்தால் நாம் இரண்டு. நர்ஸ் சொல்வாள், "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, அப்புறம் வீட்டுக்குள்ள போக ஏணி கட்டிக்கலாம்." போன வருடம் முதலில் உயர்த்தியது நாங்கள். டெய்லர் அண்ணன் உயர்த்தவில்லை. படுத்த படுக்கையாக இருந்த மனைவியைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவர வேண்டுமே, படி உயர்ந்தால் முடியாது. அதற்குப் பதில் கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருந்தார்.

அன்று தண்ணீர் சட்டென்று வந்தது. அவர் முன்னறையில் தையல் மெஷினைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலின் ஒரு கால் செங்கலிலிருந்து நழுவியது. அவ்வளவுதான் அக்கா. அந்த அம்மாவால் திரும்பிக்கூடப் படுக்க முடியாது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார்.

எங்கள் வாசல்படியில் மோதித் திரும்பிய தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று அன்று நான் யோசிக்கவில்லை. உள்ளே வரவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

கட்டில் இன்னும் அப்படியே செங்கல்மேல் நிற்கிறது. காலியாக. ஜன்னல் வழியே தெரியும். இந்த வாரம் அவர் ஒவ்வொரு காலுக்கும் இன்னொரு செங்கல் வைத்திருக்கிறார்.

குழியைப் பற்றி நான் கேட்டதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

உன் சின்னு


ஜூலை 3

அன்புள்ள அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. தபால் தாமதமோ, உனக்கு உடம்பு சரியில்லையோ என்று மனது அடித்துக்கொள்கிறது. நலம் என்று ஒரு வரியாவது எழுது.

நேற்றுப் பள்ளிக்கூட வராந்தாவில் தெருக்காரர்கள் கூட்டம் போட்டோம். நகராட்சியிலிருந்து ஒரு இளம் பொறியாளர் வந்திருந்தார். நல்ல பிள்ளை, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதில் பாவம் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிவிட்டது. மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் தேக்கிவைக்க அந்தக் கீழ்மூலையை விட்டுவைப்பதாகச் சொல்லித்தான் மனை பிரித்து விற்கும் மேட்டுக்காரர்கள் அனுமதி வாங்கினார்களாம். அங்கே ஏற்கெனவே ஒரு குட்டை இருந்ததாம். பிறகு குட்டையை மூடி, அதையும் மனையாக விற்றுவிட்டார்கள்.

"யாருங்க வாங்கினது?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார்.

"வெளியூர்ல இருக்கறவங்களாம். பேரு என்கிட்ட இல்ல."

"கொடுத்து வெச்சவன்! தண்ணிக்குள்ள குடித்தனம் பண்ணப் போறான்" என்றார் கடைக்காரர். "மோட்டார் வண்டிக்குப் பதிலா படகு நிறுத்திக்கட்டும்."

"அவனுக்கு என்ன, அவன் மூடிட்டு உக்காந்துருவான். நாமதான் மெதப்போம்" என்றாள் நர்ஸ். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ ஏம்மா ஒண்ணுமே பேச மாட்டேங்கறே? படிச்ச பொண்ணு நீதான் மனு எழுதணும்" என்றாள்.

வாண்டு மடியில் தூங்குகிறாள் என்று ஜாடை காட்டினேன். அவள் தூங்கவில்லை. "பெரியம்மா வீடு" என்று வாயைத் திறந்தாள். நான் அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டேன் போல. அழுதாள். அதையே சாக்காக வைத்து எழுந்து வந்துவிட்டேன்.

சீக்கிரம் எழுது அக்கா. மேஸ்திரி தூண்களுக்குக் கம்பி கட்டிவிட்டார். தண்ணீருக்குள் நிற்கும் கம்பிகளைப் பார்த்தால் யாரோ கையை மேலே நீட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது.

உன் சின்னு


ஆகஸ்ட் 2

அன்பு சின்னுவுக்கு,

ஆசிகள். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வீட்டைக் காலி செய்ய ஒவ்வொன்றாகக் கட்டிவைக்கிறேன். எத்தனை குப்பை சேர்த்திருக்கிறோம்! மாமா பழைய குடைகளைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார்.

ஜன்னல் திரைகளுக்குத் துணி எடுத்துவிட்டேன். உன் பக்கத்து வீட்டு டெய்லரிடமே தைக்கக் கொடுக்கலாமா? அவருக்கும் ஒரு வேலையாக இருக்கும்.

மழைக்கு முன்னால் கீழ்த்தளத்துக்குச் சிமெண்ட் தரை போட்டுச் சுவரை எழுப்பிவிட வேண்டும் என்று மாமா தினமும் சொல்கிறார். தரை போட்டுவிட்டால் ஊற்று அடங்கிவிடும். மேஸ்திரியை விரட்டு.

நீ குழியைப் பற்றி எழுதிய பக்கங்களை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. வேலையிலிருந்து விலகும் நேரம், அவருக்கு இரத்தக் கொதிப்பு வேறு.

அந்தக் கூட்டங்களுக்கு நீ போகத்தான் வேண்டுமா? கைக்குழந்தைக்காரி என்று சொன்னால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

உன் அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

வாண்டு கைக்குழந்தை இல்லை. அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. நீ பார்த்து அவ்வளவு நாளாகிறது.

அண்ணனிடம் திரைத்துணி கொடுக்க முடியாது. போன வாரம் காலையில் பால் வாங்கப் போனவர் தெரு ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மழை இல்லாத நாளில், நம் தண்ணீரில். நர்ஸும் நானும் தூக்கி உட்காரவைத்தோம். வலியில் கண்ணை மூடிக்கொண்டு, "பரவாயில்ல தங்கச்சி, எப்படியும் இப்பல்லாம் தைக்கறது கம்மிதான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு!

அன்றே மேட்டுக்குப் போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "அம்மா, இறைக்காம தரை போட முடியாது. தரை போடாம ஒண்ணும் முடியாது. பேசாம நான் ஊருக்குப் போயிட்டு மழை முடிஞ்சு வரேன்" என்றார் மேஸ்திரி. சரி என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். திட்டினால் திட்டு.

ராத்திரியில் வாண்டு எழுந்து தரையில் காதை வைத்துக்கொண்டு படுக்கிறாள். என்னடி என்றால், "கீழ யாரோ குளிக்கறாங்க" என்கிறாள். நானும் காதை வைத்துப் பார்த்தேன்.

அவள் சொல்வது சரி.

மாமாவுக்கு மருந்து தவறாமல் கொடு.

சின்னு


செப்டம்பர் 5

சின்னுவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மேஸ்திரியிடம் மாமா போனில் பேசிவிட்டார். மழை விட்டதும் லாரியில் மண் கொண்டுவந்து குழியை மூடிவிட்டு, கீழ்த்தளம் இல்லாமலே வீட்டைக் கட்டிவிடுவார்கள். நீ இனிமேல் அந்த வேலையைப் பார்க்க வேண்டாம். வீட்டு வேலையே உனக்கு அதிகம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த மனையைப் பற்றிச் சொன்னபோது, வா அக்கா வா என்று குதித்தது நீதானே. நான் அங்கே வருவதில் இப்போது உனக்கு விருப்பம் இல்லையா?

வாண்டுக்கு முத்தம்.

அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்கா,

நீ கோபமாக இருந்தாலும் நலமாக இரு. நான் இதை எழுதியே ஆக வேண்டும்.

மழை வந்துவிட்டது. முந்தாநாள் மாலையில் ஆரம்பித்து விடியும்வரை ஒரே கொட்டு. அவருக்கு ஷிப்ட், வர முடியவில்லை. மின்சாரமும் போய்விட்டது. நான் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைக்கவில்லை. அந்தச் செங்கலைத் தொடவே கை வரவில்லை. வாண்டை மார்மேல் போட்டுக் கட்டிக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசல் இடுக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவர்க்கோடு ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது. தண்ணீர் எங்கே வர வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

வரவில்லை அக்கா.

தெருவில் ஓடியது, படிக்கு அடியில் ஓடியது, அவ்வளவுதான். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. யார் வீட்டுக்கும் வரவில்லை. பொழுது விடிந்ததும் எல்லோரும் கதவைத் திறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

டெய்லர் அண்ணன் கட்டுப் போட்ட கையோடு மேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். எனக்கு எதற்கென்று தெரிந்தது. வாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

உன் குழி விளிம்புவரை நிறைந்திருந்தது. மேட்டுச் சாலைகளெல்லாம் அங்கேதானே வந்து முடிகின்றன. இந்த முறை மொத்தத் தண்ணீரும் நேராக உன் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. கம்பிகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அசையாத தண்ணீர், வானம் முழுக்க அதில். உன் சமையலறை என்று மேஸ்திரி காட்டிய மூலையில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. இத்தனை மாதம் அவை எங்கே இருந்தன? வாண்டு கீழே குனிந்து தண்ணீரில் தெரிந்த தன் முகத்துக்குக் கையை ஆட்டினாள். "பெரியம்மா வீட்டுல நான் இருக்கேன்" என்றாள்.

அண்ணன் வெகுநேரம் நின்றார். "போன வருஷம் இதுக்கு இடம் இருந்திருந்தா..." என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது உங்க அக்கா மனைதானே தங்கச்சி?" என்றார்.

"யாரு சொன்னா?"

"மேஸ்திரி எப்பவோ சொன்னாரு. கோடை முழுக்க எனக்குத் தெரியும்."

தெரிந்திருந்தும் நம் மோட்டார் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

அக்கா, நான் உன்னை வரவேண்டாம் என்று எப்போது சொன்னேன்?

உன் சின்னு


நவம்பர் 8

அன்பு சின்னுவுக்கு,

நீயும் வாண்டும் அன்று தனியாக இருந்ததை நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. தம்பியிடம் பகல் ஷிப்ட் கேட்கச் சொல். மாமா நலம். நானும் நலம்தான்.

பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டேன். செருப்புப் பெட்டியில், மனை பார்க்க வந்த அன்று போட்டிருந்த செருப்பு இருந்தது. நினைவிருக்கிறதா, கடும் வெயில், நீ எனக்குக் குடை பிடித்தாய். தகரத்தைத் திறந்துவிட்டதும் நீயும் மாமாவும் முன்னால் பேசிக்கொண்டே போய்விட்டீர்கள். நான் பின்னால் வந்தேன். அந்தச் செருப்பின் அடியில் விரல் கனத்துக்குச் சேறு காய்ந்து கிடக்கிறது. இத்தனை நாள் அதைக் கழுவவே இல்லை.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மண் லாரி அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறது என்று மேஸ்திரி மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா சந்தோஷமாக இருக்கிறார். விசிலடித்துக்கொண்டே குடைகளை எண்ணுகிறார்.

மழை அங்கே இன்னும் இருக்கிறதா?

உன் அக்கா


நவம்பர் 17

அன்புள்ள அக்கா,

மறுபடியும் நடுராத்திரி. மறுபடியும் மன்னித்துக்கொள். பகலில் இதை எழுத எனக்குத் தைரியம் வராது. வாண்டு நலம், அவள் அப்பா பகல் ஷிப்ட் கேட்டிருக்கிறார். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உன் முட்டி என்ன சொல்கிறது?

உன் கடிதம் வந்த அன்று அந்தச் செருப்புப் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். கடும் வெயிலில் சேறு ஏது என்று கேட்க வேண்டியவள் அன்று உனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கவில்லை. நீ பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் அன்று வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

தெருவில் மனு எழுதி முடித்துவிட்டோம். நான்தான் எழுதினேன். அந்த மூலையைத் தண்ணீருக்கே விட வேண்டும், அதன் சொந்தக்காரருக்கு மேட்டுக்காரர்கள் மேலே வேறு மனை தர வேண்டும் என்று. மேலே இன்னும் காலி மனைகள் இருக்கின்றனவாம், பொறியாளர் சொன்னார். கூட்டத்தில் படித்துக் காட்டிவிட்டு, அந்தச் சொந்தக்காரி என் கூடப் பிறந்தவள் என்று சொன்னேன். வெயில் காலத்தில் தெருவை நனைத்தது எங்கள் மோட்டார்தான் என்றும் சொன்னேன். ஜெராக்ஸ் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார். நர்ஸ் மட்டும், "அடிப்பாவி, அழுதது உங்க வீடுதானா!" என்றாள். அப்புறம் பேனாவை என் கையில் கொடுத்தாள். முதல் கையெழுத்து என்னுடையது அக்கா. உன்னிடம் கேட்காமல் போட்ட கையெழுத்து.

அடுத்த நாள் வாண்டுவின் அப்பாவும் நானும் கடப்பாரை எடுத்து எங்கள் வாசல்படியின் மேல்வரியை உடைத்து எடுத்துவிட்டோம். உன்னிடம் கேட்பதற்கு முன்னால் அதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. படி இப்போது டெய்லர் அண்ணன் வீட்டுப் படியின் உயரம்தான். பயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு இடிக்கும் எழுந்து போய் வாசலைத் தொட்டுப் பார்க்கிறேன்.

உன் குழியில் முதல் மழைத் தண்ணீர் ஒரு வாரத்தில் தானாக இறங்கி, பழையபடி முழங்கால் அளவுக்கு வந்தது. மண் குடித்துவிட்டது. அடுத்த மழைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. நேற்று மறுபடி பெய்தது. மறுபடி அங்கேதான் போனது. இன்று காலை ஜன்னல் வழியே பார்த்தேன். டெய்லர் அண்ணன் ஒரு கையாலேயே கட்டிலின் கால்களுக்குக் கீழிருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் நானும் பிடித்தேன். கட்டில் தரையில் இறங்கியதும் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, விரிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். நான் செங்கற்களை வெளியே கொண்டுபோய் அடுக்கினேன்.

அந்தக் குழியை மூடிவிட்டால் அவற்றைத் திரும்ப உள்ளே எடுத்துப் போக வேண்டியிருக்கும் அக்கா. அடுத்து எந்த வீட்டுக் கட்டிலுக்கு என்று எனக்குத் தெரியாது. வாண்டுவின் கட்டில் சுவரோரம்தான் இருக்கிறது, அந்தக் கோட்டுக்குக் கீழே.

மனு பெரியவர்களிடம் போய் அசைவதற்குள் மண் கொட்டி முடித்துவிடுவார்கள். மேஸ்திரியிடம் பேசினேன். "மனைக்காரங்க நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடறேம்மா. நீங்க சொல்லி முடியாது" என்கிறார். மாமாவிடம் நான் எழுதலாம். ஆனால் குழியில் தண்ணீர் நிற்கிறது என்பதைத் தவிர அவருக்கு எதுவுமே தெரியாது. முதலில் நீ சொல்ல வேண்டும். அந்தப் பக்கங்களை எடுத்து, ஆரம்பத்திலிருந்து, அவருக்குப் படித்துக் காட்டு. செருப்பையும் வேண்டுமானால் காட்டு.

மேலே மனை கிடைக்கும்வரை எங்கள் மொட்டை மாடியில் ஒரு அறை எழுப்பிக்கொள்ளலாம் என்று வாண்டுவின் அப்பா சொல்கிறார். சின்னதாகத்தான் இருக்கும். பெட்டிகளையும் மாமாவின் குடைகளையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பார்த்துக்கொள்ளலாம். சமையலறை ஜன்னலை நீ கேட்ட பக்கமே வைக்கிறோம், உன் மனையைப் பார்த்தாற்போல. துணி நனைந்தால் கத்த வேண்டியதில்லை, கையை நீட்டி எடுத்துவிடலாம். ராத்திரியில் தவளைச் சத்தம் கேட்கும். முதலில் கொஞ்ச நாள் பயமாக இருக்கும்.

லாரி முதல் வாரம் வருகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தவுடன், மாமா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, பதில் எழுது அக்கா. சீக்கிரம் எழுது.

உன் சின்னு